முத்திரை உடைந்த படம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு உப்பங்கழியில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. மெர்சலின் அதற்கு முன்பே சேற்றில் குப்புறப் படுத்திருந்தாள்.

நீரோரப் பறவையைப் படுத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நின்று எடுத்தால் மேலிருந்து பார்த்த பொம்மைபோல இருக்கும். படுத்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். சேறு சட்டைக்குள் இறங்கும். நண்டு கைமேல் ஏறும். பழகிவிட்டால் இரண்டும் உறைக்காது. சாளைத்துறையில் அவளுக்குச் சேத்து மெர்சி என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டைக் காட்டினார்கள். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் அதற்காகச் சேற்றை விடவில்லை.

எதிரே, கைவிட்ட உப்புப் பாத்தியின் வரப்பில், ஒரு பவளக்கால் உள்ளான் நின்றது. கறுப்புச் சிறகு, வெள்ளை மார்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் சிவந்த கால்கள். காலடியில் கூடு. கூடு என்றால் காய்ந்த புல்லும் நாலைந்து சிப்பித் துண்டும். முட்டைகள் திறந்து கிடந்தன.

பறவை உட்காரப் பார்த்தது. காலை மடக்கியது. பாதியில் நின்றது. எழுந்தது. மறுபடி மடக்கியது. மறுபடி எழுந்தது.

மெர்சலின் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தாள். வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு கால்களிலும், மடங்குகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. இடது கால் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

முகத்தைக் கேமராவில் வைத்தாள். கால்கள் நேராக இருந்தன.

இது முதல் தடவை அல்ல. போன மாதமும் இப்படித்தான். அப்போது தன் கண்ணைச் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

படம் எடுத்தாள். திரையில் பார்த்தாள். நிலவை உருக்கி ஊற்றியதுபோல் தண்ணீர். அதன் நடுவே, அடி எடுத்து வைக்கப்போகிற அழகில் ஒரு பறவை. மூலையில் பச்சை முத்திரை. காலண்டருக்குப் போகிற படம். முட்டை மேல் உட்கார முடியாத பறவை அது என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

கனிராஜ் பஜாரில் கேமரா பழுது பார்க்கிறவன். பள்ளியில் அவளோடு படித்தவன். அவன் கடையும், அவள் வேலை பார்க்கும் ஸ்டூடியோவும் ஒரே மாடிப்படியின் இரண்டு பக்கம்.

“கேமரா கெட்டுப்போச்சா?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்குச் சங்கடம்.”

சொன்னாள். அவன் படத்தைப் பெரிதாக்கினான். காலைப் பார்த்தான். முத்திரையைப் பார்த்தான்.

“கண்ணைக் காட்டுனியா?”

“காட்டிட்டேன். கண்ணுல ஒரு குத்தமும் இல்லைன்னுட்டாரு.”

“அப்போ தெளிவு செய்யுத சோலிதான் இது.”

“என்ன தெளிவு?”

“கேமராக்குள்ள ஓடுத ஒரு இது. வெளிச்சம் உள்ள வந்து விழும்போது கலங்கலாத்தான் விழும். அதை அப்படியே காட்டுனா எவன் கேமரா வாங்குவான்? அதனால அது யோசிக்கும். இது உள்ளான். உள்ளானுக்குக் கால் இப்படி இருக்கும். கோடிப் படம் பார்த்திருக்குல்லா. அப்போ இங்கன புடைப்பாத் தெரியுதது கலங்கல்னு நினைச்சு வழிச்சு எடுத்துரும். அதுக்குப் பிறவுதான் முத்திரை விழும்.”

“பிறவா?”

“பிறவுதான். கேமராவை விட்டு வெளிய வந்த பின்னால யாரும் கை வைக்கலன்னுதான் முத்திரை சொல்லுது. உள்ள யாரு கை வச்சான்னு அதுகிட்ட ஒருத்தரும் கேக்கல.”

“தெளிவை அமத்தி வைக்க முடியாதா?”

“அமத்துனா முத்திரை விழாது. முத்திரை இல்லன்னா அது ஓவியம்.”

அது சட்டத்தின் சொல். பொய்ப் படங்களால் இரண்டு தேர்தல்கள் கெட்டு, ஒரு நகரம் எரிந்த பிறகு காட்சிச் சட்டம் வந்தது. முத்திரை உள்ளது படம். மற்றதெல்லாம் ஓவியம். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, காப்பீடு, பட்டா எல்லாமே முத்திரைப் படத்தை நம்பி ஓடின. மெர்சலின் ஸ்டூடியோவில் திருத்துகிற கல்யாணப் படங்கள்கூட ஓவியங்கள்தான். மணப்பெண்ணின் பருக்களை எடுப்பாள். மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே தள்ளுவாள். “சட்டப்படி இந்த ஊர்ல எவனுக்கும் கல்யாணப் போட்டோ கிடையாது” என்று ஸ்டூடியோக்காரர் ஞானதுரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஸ்டூடியோ வேலை வயிற்றுப்பாட்டுக்கு. அது போக, அரசுக்கு முத்திரைப் படம் எடுத்துத் தரும் உரிமம் அவளிடம் இருந்தது. ஊரில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. வருஷா வருஷம் கழிப் பறவைகளை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

“முட்டியில முடிச்சு இருக்கு கனி. நான் பார்த்தேன்.”

“அது முட்டி இல்ல. பறவைக்கு அது கணுக்கால்.”

“இப்போ அதா முக்கியம்?”

“முக்கியம்தான். நீ முட்டின்னு சொன்னா, கம்பெனிக்காரன் அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு உன்னைக் கோமாளி ஆக்கிருவான்.”

கம்பெனியைப் பற்றி அவள் இன்னும் பேசவே இல்லை. அவன் அங்கே போய்விட்டான். கழிக்கு வடக்கே பேட்டரி தொழிற்சாலை. அதன் கழிவுநீர்க் கால்வாய் பழைய உப்புப் பாத்திகளில் வந்து விழுகிறது. தொழிற்சாலையின் உரிமம் முடியப்போகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் விசாரணை. கம்பெனி கொடுத்திருந்த மனு ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. கழி நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகப் பறவைப் படங்கள். பாதிக்கு மேல் மெர்சலின் எடுத்தவை.

அவள் கேமராவை உறையில் போட்டாள்.

“என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கேன்” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பிரகாசி மீன் ஏலத்துக்குப் போகிறவள். அவள் மகள் அமலி முதல் வகுப்பு. பள்ளியில் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காரும்போது அமலி நிற்பாள். திமிர் என்று டீச்சர் சொன்னாள். பிரகாசி இரண்டு அடி போட்டாள். பிறகு ஒரு நாள் குளிப்பாட்டும்போது முழங்காலைத் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து அடிப்பதில்லை.

எலும்பு டாக்டரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் படம் அனுப்ப வேண்டும். படத்தில் கோளாறு இருந்தால்தான் சீட்டு. இரண்டு முறை அனுப்பினார்கள். இரண்டு முறையும் ஒரே பதில். கால்கள் இயல்பாக உள்ளன. ஊர் நர்ஸ் கண்ணால் பார்த்தாள். பாவம், அவளுக்கு எழுதுகிற அதிகாரம் இல்லை.

மெர்சலின் அன்று சாயங்காலம் போனபோது பிரகாசி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“படம் எடுக்குதவ நீ. நீயே எடுத்துக் குடேன் அக்கா. அந்த நர்ஸ் போனுல எடுத்தா சரியா விழலையோ என்னமோ.”

“நான் எடுத்தாலும் அப்படித்தான் விழும்.”

“ஏன்?”

மெர்சலின் சொன்னாள். கலங்கல், யோசிப்பது, வழித்து எடுப்பது. பிரகாசி வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

“அப்போ நான் கள்ளி இல்ல.”

“இல்ல.”

“ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தி பேசுனா. உதவித்தொகைக்காகப் பிள்ளையை நொண்டவிடுதியான்னு கேட்டா. போன்ல கேட்டா. நேர்ல கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அமலி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அக்கா, அந்தப் போட்டோவுல எனக்கு நல்ல காலா இருக்கு. அந்தக் காலை எனக்குத் தருவாவளா?”

பிரகாசி குனிந்து வலையைப் பிரித்தாள். அவர்கள் வீட்டுக் கிணறு பாத்தியை ஒட்டி இருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன, குடிக்க வேறு தண்ணீர் இல்லை.

காற்றே இல்லாத ஒரு காலையில் மெர்சலினுக்கு ஒன்று அகப்பட்டது. பறவை ஆடாத தண்ணீரில் நின்றது. படத்தில் கால்கள் வழக்கம்போல நேர். ஆனால் தண்ணீருக்குள் தெரிந்த நிழலில் முடிச்சு இருந்தது. வளைவும் இருந்தது. தலைகீழாக நிற்கிற பறவையைத் தெளிவுக்கு அடையாளம் தெரியவில்லை. அதைத் தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டது. பச்சை முத்திரை மூலையில் பளிச்சென்று இருந்தது.

அவள் நேரே வீட்டுக்குப் போய்ச் சேற்றுக் கையோடு உட்கார்ந்து விசாரணை ஆணையத்துக்கு எழுதினாள். மேலே உள்ள காலும் கீழே உள்ள காலும் ஒத்துப்போகவில்லை. கேமரா மேலே உள்ளதைத் திருத்துகிறது. பாருங்கள்.

பதில் மரியாதையாக வந்தது. தங்கள் தகவலுக்கு நன்றி. நீர்ப்பரப்பின் அசைவால் ஏற்பட்ட பிறழ்வு. உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

உரிய துறை வேகமாக வேலை செய்தது. மாதம் முடிவதற்குள் நாட்டில் உள்ள எல்லா முத்திரைக் கேமராக்களும் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. இனி நிழல்களும் தெளிவாக விழும் என்று அறிவிப்பு வந்தது. அவள் பழைய படத்தைத் திறந்தாள். பார்க்கிற திரையிலும் தெளிவு ஓடியது. தண்ணீருக்குள் இருந்த காலும் நேராகியிருந்தது.

“நீ குறைன்னு எழுதுன. அவங்க சரி பண்ணிட்டாங்க” என்றான் கனிராஜ். சிரிக்கத்தான் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தெளிவு ஓடாத ஸ்டூடியோவின் பழைய திரையில் மட்டும் நிழலின் கால் கோணலாகவே இருந்தது. அந்தத் திரைக்குச் சட்டத்தில் இடமில்லை.

“விசாரணையில நானே எழுந்து சொல்லுதேன்.”

“சொல்லு. படம் வேற சொல்லும். படத்துக்கும் வாய்க்கும் ஆகலன்னா படம்தான் செல்லும்.”

“அமலியைக் கேமரா முன்னால நிறுத்துதேன்.”

“நிறுத்துனா நேரா நிக்கும். விசாரிக்குத அந்த அம்மா நேர்ல வரவா போறாவ? சென்னையில உக்காந்து திரையிலதான் பார்ப்பாவ. அவிய நேர்ல வார வழக்கம் நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு.”

“அப்போ நான் திருத்துதேன்.”

“எதை?”

“படத்தை. முடிச்சைத் திரும்ப வைக்கேன். மணப்பொண்ணு இடுப்பைக் குறைக்க எனக்குத் தெரியும். இதைக் கூட்டத் தெரியாதா?”

கனிராஜ் கதவைச் சாத்தினான். “மெர்சி, வெளையாடாத. முத்திரைப் படத்துல கை வச்சு விசாரணையில கொடுத்தா அது போலிக் காட்சி. உரிமம் போவும். உள்ள தூக்கிப் போடுவான். இரு, சட்டத்தை வாசிச்சுக் காட்டுதேன். அப்பமாவது உனக்குப் பயம் வருதான்னு பார்ப்போம்.”

வாசித்தான். தண்டனை, பறிமுதல், பிணை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி வாசித்தான். போலி என்று குற்றம் பதிவானால், விசாரணை அலுவலர், படத்தில் கண்ட பொருளின் அசலை, கருவி எதுவும் இன்றி, நேரில், தம் கண்ணால் பார்த்து ஒப்பிட்டு, எது போலி என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

“திரும்ப வாசி” என்றாள்.

“எதை?”

“கடைசியில வாசிச்சதை.”

அவன் வாசித்தான். பாதியிலேயே அவனுக்கும் புரிந்துவிட்டது. காகிதத்தைக் கீழே வைத்தான்.

“இது அந்தக் காலத்துல எழுதுனது. மெஷினை அவங்களே நம்பாத காலம். இதை யாரும் இப்போ...”

“எடுத்துட்டாவளா?”

“எடுக்கல.”

“அப்போ இருக்கு.”

“நான் வாசிச்சிருக்கவே கூடாது” என்றான் கனிராஜ்.

மறுநாள் அவள் கேமரா இல்லாமல் கழிக்குப் போனாள். படுத்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை பறவையின் காலையே பார்த்தாள். முடிச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. தோல் எந்த இடத்தில் வெளுத்திருக்கிறது. வளைவு எந்தப் பக்கம்.

ஸ்டூடியோவில் ஞானதுரை சாப்பிடப் போன நேரத்தில் பழைய திரையில் படத்தைத் திறந்தாள். மணப்பெண்களுக்கு எடுக்கிற அதே கருவியை எடுத்தாள். அது இழுத்த பக்கம் வரும். இத்தனை வருஷமாக உள்ளே இழுத்துப் பழகிய கை. வெளியே இழுக்கும்போது கூசியது.

முடிச்சு வந்தது. கொஞ்சம் பெரிதாக்கினால் நன்றாக உறைக்கும் என்று தோன்றியது. ஒரு இழுப்புதான். இழுத்தாள். பார்த்தாள். பரிதாபமாக இருந்தது. அருமையான படமாகவும் இருந்தது.

அழித்தாள். கண்ணால் பார்த்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஞானதுரை பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார்.

“என்ன மெர்சலினு, நல்லா இருந்த காலை இப்படிக் கெடுத்து வச்சிருக்க?”

“நல்லா இல்ல அண்ணாச்சி. இப்போதான் சரி பண்ணியிருக்கேன்.”

“எந்தப் பார்ட்டி இப்படிக் கேட்டான்?”

“நான்தான்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு முன்பக்கம் போனார். அவள் படத்தைக் காகிதத்திலும் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

விசாரணை மீனவர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. சுவரை நிறைத்து ஒரு திரை. திரையில் விசாரணை அலுவலர் மங்கையர்க்கரசி. நரைத்த முடி, காட்டன் புடவை, பொறுமையான முகம். சென்னையில் எங்கோ ஓர் அறையில் இருந்தார். கம்பெனியின் ஆலோசகர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழியின் நலம் பற்றி அவர் பேசி முடித்தபோது திரையில் பறவைகள் வரிசையாக வந்து போயின. எல்லாம் நேரான கால்கள். பின்னாலிருந்து ஒருவர், “மெர்சி எடுத்த போட்டோ, அதான் இவ்வளவு ஷோக்கு” என்றார். சிரித்தார்கள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்ப் படத்தை ஏற்றினாள்.

திரையில் உள்ளான் வந்தது. கால்கள் நேராக இருந்தன.

கனிராஜ் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டான். இதை இருவருமே யோசிக்கவில்லை. அவள் வைத்த முடிச்சையும் திரை வழித்து எடுத்துவிட்டது. ஆனால் படத்தின் மூலையில் பச்சை இல்லை. சிவப்பில் ஒரு வரி ஓடியது. முத்திரை உடைந்துள்ளது.

முன்வரிசையில் ஆலோசகர் தலையை நிமிர்த்தினார்.

“இந்தப் படத்தில் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது” என்றார் மங்கையர்க்கரசி.

“ஆமா மேடம்.”

“யார் செய்தது?”

“நான்தான்.”

“உங்களிடம் உரிமம் இருக்கிறது. இதன் விளைவு தெரியுமா?”

“தெரியும். வாசிச்சுக் காட்டுனாங்க.”

மங்கையர்க்கரசி கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “எதைத் திருத்தினீர்கள்?”

“காலை.”

“கால் சரியாகத்தானே இருக்கிறது.”

“அதைச் சொல்லத்தான் வந்தேன் மேடம். நான் வளைச்சுக் கொண்டுவந்தேன். உங்க திரை நிமித்திருச்சு.”

ஆலோசகர் எழுந்தார். “இது நேரத்தை வீணடிப்பது. கண்ணுக்கே தெரியாத திருத்தத்தைப் போலி என்று எப்படிச் சொல்வது? தவறுதலாக நடந்திருக்கும். படத்தைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டு மேலே போகலாம். பெண்மணியை மன்னித்துவிடலாம்.”

அவர் தாராளமாகத்தான் சொன்னார். நேரில் பார்க்கச் சொல்லும் அந்தப் பிரிவைப் படித்தவர் என்பது அந்தத் தாராளத்தில் தெரிந்தது.

“எனக்கு மன்னிப்பு வேண்டாம்” என்றாள் மெர்சலின். “நான் தெரிஞ்சு செஞ்சது. முத்திரை உடைஞ்சது உங்க திரையிலேயே இருக்கு. குற்றத்தைப் பதிவு பண்ணுங்க மேடம்.”

“யோசித்துப் பேசுங்கள்.”

“யோசிச்சுத்தான் மேடம் வந்தேன். பதிவு பண்ணுங்க.”

பிரகாசி பின்னாலிருந்து எழுந்தாள். “பதிவு பண்ணுங்கம்மா. அவ கேக்காள்ல.”

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. நின்றார்கள். தன் ஊர்க்காரிமீது வழக்குப் போடச் சொல்லி ஒரு கூட்டம் நிற்பதை அந்தச் சங்கக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை. திரையில் இருந்த முகம் அவர்களைப் பார்த்தது. எல்லோருடைய முகமும் அவருக்கு வழவழவென்று, நோயில்லாமல் தெரிந்திருக்க வேண்டும்.

“பதிவு செய்யப்படுகிறது” என்றார் மங்கையர்க்கரசி.

அன்று மாலையே போலீஸ்காரர் வந்து கேமராவை எடுத்துப் போனார். உறையையும் கேட்டார். அதில் சேறு இருக்கிறது என்றாள். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார். கனிராஜ் பிணை நின்றான். ஞானதுரை இனி வர வேண்டாம் என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் ஸ்டூடியோவில் அவள் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள்.

மங்கையர்க்கரசி ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். தனியாக வந்தார். கையில் ஒரு கோப்பு, தோளில் அலுவலகக் கேமரா. திரையில் பார்த்ததைவிட வயது கூடுதலாக இருந்தது. கன்னத்தில் ஒரு பெரிய மரு இருந்தது. மெர்சலின் அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

“திரையில தெரியாது” என்றார். “எனக்கே பல நாள் மறந்துபோகும்.”

“இருக்கட்டும் மேடம். செருப்பைக் கழட்டிருங்க. சேறு உள்ள வாங்கிரும்.”

வரப்பில் நடந்தார்கள். பின்னால் பிரகாசியும் அமலியும் வந்தார்கள். அமலி மெதுவாக வந்தாள். காலைக் காற்று உப்பாக இருந்தது. கால்வாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

“இங்கன படுக்கணும்” என்றாள் மெர்சலின்.

“படுக்கணுமா?”

“நின்னா அது பறந்துரும்.”

மங்கையர்க்கரசி புடவையைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். கோப்பைப் பிரகாசியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். மெர்சலின் பக்கத்தில் படுத்தாள்.

உள்ளான் வரப்பில் நின்றது. முட்டைகளில் ஒன்று உடைந்திருந்தது. பறவை காலை மடக்கியது. பாதியில் நின்றது. எழுந்தது. மறுபடி மடக்கியது.

அவர் வெகு நேரம் பார்த்தார். நண்டு ஒன்று அவர் கையில் ஏறி இறங்கியது. அதை உதறக்கூட இல்லை. பிறகு மெர்சலின் எடுத்து வந்திருந்த காகிதப் படத்தை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, பறவையோடு ஒப்பிட்டார். முடிச்சைப் பார்த்தார். தோல் வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

“அளவு மாறலை” என்றார் மெதுவாக.

“மாத்தல.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கை தானாகத் தோளுக்குப் போனது. அறிக்கையோடு இணைக்க முத்திரைப் படம் வேண்டும். எந்த அறிக்கைக்கும் வேண்டும். கேமராவை எடுத்துப் பறவையை ஒரு படம் எடுத்தார். திரையைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நேரான கால்கள். பச்சை முத்திரை.

“அந்தப் பிள்ளை ஏன் நின்னுக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். பிரகாசி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அமலி பக்கத்தில் நின்றிருந்தாள்.

“உக்காரச் சொல்லிப் பாருங்க” என்றாள் பிரகாசி.

மங்கையர்க்கரசி சொல்லவில்லை. கேமரா கையில்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் உயர்த்தி அமலியின் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு சிறுமி, வெயிலில், அம்பு மாதிரி நின்றாள். அவர் கேமராவைத் தாழ்த்தினார். கேமராவுக்கு மேலாக அமலியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார்.

“இருபது வருஷமா நான் முத்திரையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “எத்தனை கேஸ். எத்தனை வீடு, எத்தனை நிலம், எத்தனை ஆஸ்பத்திரி மனு. எல்லாம் பச்சை இருந்ததால.”

பிரகாசி கோப்பை நீட்டினாள். அதன் மேல் பக்கத்தில், எது போலி என்ற கேள்விக்கு எதிரே, ஒரு கோடு வெறுமையாக இருந்தது. மங்கையர்க்கரசி பேனாவைத் திறந்தார். ஒரு கையில் சேறு பட்ட காகிதப் படம். மடியில் கேமரா. பேனா கோட்டுக்கு மேலே நின்றது.

மெர்சலின் சேற்றிலிருந்து எழுந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண்ணும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“இந்த ரெண்டுல எது போலின்னு எழுதப் போறீங்க மேடம்?”